"நான் செய்வது பாவமா, சிஸ்டர்?"

கேள்வி: மகளிர் நோய்ப் பிரிவில் நான்கு மாதமாகச் செவிலியராக இருக்கிறேன். கருக்கலைப்பு தவறு என்று நம்பி வளர்ந்தவள் நான். போன வாரம் 11 வாரக் கர்ப்பத்தைக் கலைக்க வந்த ஒரு கேஸுக்கு என்னை ஆபரேஷன் தியேட்டரில் (ஓ.டி.) போட்டார்கள். மறுக்கப் பயமாக இருந்தது, போய் நின்றேன். மயக்க மருந்து கொடுப்பதற்குச் சற்று முன் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் செய்வது பாவமா, சிஸ்டர்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் கையை விடுவித்துக்கொண்டு ட்ரேயைச் சரிசெய்யப் போய்விட்டேன். கூட வேலை செய்யும் தோழி, "உடம்பு அவளோடது, உனக்கென்ன வந்தது?" என்கிறாள். வீட்டில், "கொலைக்குத் துணை போகாதே" என்கிறார்கள். இரண்டு பக்கமும் பேசுவதைக் கேட்டால் இரண்டுமே சரி என்று படுகிறது. நான் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவளா? மறுக்க எனக்கு உரிமை உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத செவிலியர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மறுக்கும் உரிமை பல நாடுகளில் உண்டு, ஆனால் ஓர் எல்லைக்குள். அந்த எல்லை எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன். தகுதியில்லாதவளா என்று கேட்டீர்களே, அது வேண்டாத கவலை. 11 வாரக் கருவைப் பார்த்து எதுவுமே தோன்றாத ஒருவரைவிட, உங்களைப் போல் ராத்திரி தூக்கம் கெட்ட ஒருவர் என் பக்கத்தில் நிற்பதையே நான் விரும்புவேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பிரசவமும் பார்க்கிறேன், கருக்கலைப்பும் செய்கிறேன். மருத்துவமனை நெறிமுறைக் குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் நடுநிலை என்று நடிக்கப் போவதில்லை. ஆனால் எதிர்த்தரப்பை நோஞ்சானாக நிறுத்திவைத்து அடிப்பது எனக்குப் பிடிக்காது. உங்கள் வீட்டார் சொல்வதில் கனம் இருக்கிறது. உங்கள் தோழி அதை ஒரே வரியில் ஊதித் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தப்பித்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் "கொலை" என்கிறது, இன்னொரு பக்கம் "வெறும் சதைக்கட்டி" என்கிறது. 11 வாரத்தில் கரு தலையிலிருந்து பிட்டம் வரை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் இருக்கும், விரல்கள் பிரிந்திருக்கும். அதை ஸ்கேனில் தினமும் பார்க்கிற யாரும் சதைக்கட்டி என்று சொல்ல மாட்டார்கள். அதே சமயம், "அந்த வயதிலேயே அதற்கு வலிக்கும்" என்று பரவும் பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2010இல் அலசிப் பார்த்து, 24 வாரத்துக்கு முன் வலியை உணரும் அளவுக்கு மூளையின் மேலடுக்கான புறணியின் இணைப்புகள் இல்லை என்றது. 2022இல் மறுபடி ஆராய்ந்தபோதும் அந்த நிலையைப் பெரிதாக மாற்றவில்லை. இதை மறுத்து, இன்னும் முன்னதாகவே வலி சாத்தியம் என்று எழுதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள்கூட 11 வாரத்தைச் சொல்வது அபூர்வம்.

சரி, எதிர்ப்பவர்களின் வாதங்களில் எனக்கு மிகவும் வலுவாகப் படுவது எது? மதநூலை நம்பாதவரையும் அது உட்கார்த்தி யோசிக்க வைக்கும். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் டான் மார்க்விஸ் 1989இல் எழுதியது. கரு ஒரு 'நபரா' இல்லையா என்ற சண்டைக்குள்ளேயே அவர் போகவில்லை. உங்களையோ என்னையோ கொல்வது ஏன் தவறு என்று கேட்டார். வலிக்கும் என்பதாலா? வலிக்காமல் தூக்கத்தில் கொன்றாலும் தவறுதானே. உறவினர் அழுவார்கள் என்பதாலா? நாதியற்றவரைக் கொல்வதும் தவறுதான். அப்படியானால், நமக்கு வரவிருந்த காலம் மொத்தத்தையும், அதில் நடக்கவிருந்த நல்லது கெட்டது அத்தனையையும் பறிப்பதுதான் தவறு. கருவுக்கும் அதே போன்ற ஒரு காலம் காத்திருக்கிறதே, அதைப் பறிப்பது மட்டும் எப்படிச் சரியாகும் என்றார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. எதையும் எண்ணவோ விரும்பவோ தொடங்காத ஒன்றுக்கு 'அதன்' எதிர்காலம் என்று ஒன்று சொந்தமாக இருக்க முடியுமா? முதல் இரண்டு வாரத்தில் கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம் என்றால் அந்த எதிர்காலம் யாருடையது? கருத்தடையும் ஓர் எதிர்காலத்தைத் தடுப்பதுதானே? நல்ல மறுப்புகள்தான். ஆனாலும், படித்து முடித்ததும் அந்த வாதம் காணாமல் போய்விட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக அது மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

கருவின் மதிப்பு ஒரே நாளில் வருவதில்லை, வளர வளரக் கூடுகிறது என்று நினைப்பவர்கள் நடுவில் நிற்கிறார்கள். பெரும்பாலான மருத்துவர்கள் வாயால் சொல்லாவிட்டாலும் மனதில் இப்படித்தான் நினைக்கிறோம். 7 வாரத்தில் கலைந்தால் ஒரு விதமாகவும், 30 வாரத்தில் குழந்தை உள்ளேயே இறந்தால் வேறு விதமாகவும் நாம் துக்கப்படுவது அதனால்தான். சிக்கல் என்னவென்றால், கோட்டை எங்கே போடுவது? வெளியே வந்தால் பிழைக்கும் என்ற நிலைதான் கோடு என்கின்றன பல சட்டங்கள். பிரிட்டனில் அது 28 வாரமாக இருந்தது, 1990இல் 24 ஆக்கினார்கள். அந்த இடைவெளியில் கருவின் இயல்பு எதுவும் மாறவில்லை. இன்குபேட்டர் மாறியது. நல்ல பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கும் ஊரில் ஒரு மதிப்பு, இல்லாத ஊரில் வேறு மதிப்பு என்றால் அது ஒழுக்கமா, உபகரணப் பட்டியலா? எனக்கு இன்றைக்கும் இதற்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. ஆனால் சட்டத்துக்கு எங்காவது ஒரு கோடு வேண்டும்.

இனி உங்கள் தோழியின் பக்கம். "உடம்பு அவளோடது" என்பது அப்படியே விட்டால் பலவீனமான வாதம். "உள்ளே இருப்பது அவளுடைய உடம்பு இல்லையே" என்று உங்கள் வீட்டார் ஒரே நொடியில் மடக்கிவிடுவார்கள். அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் ஜார்விஸ் தாம்சன் 1971இல் அதற்கு வேறு அடித்தளம் போட்டார். கருவும் முழு மனிதர் என்றே வைத்துக்கொள்வோம் என்று ஒப்புக்கொண்டு தொடங்கினார். நீங்கள் காலையில் கண் விழிக்கிறீர்கள். புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஒருவருடைய ரத்தக் குழாய்களை உங்கள் உடம்போடு இணைத்திருக்கிறார்கள். அவருக்குச் சிறுநீரகம் பழுது, உங்கள் ரத்தம்தான் பொருந்துகிறது. ஒன்பது மாதம் இப்படியே கிடந்தால் அவர் பிழைப்பார். கிடந்தால் நீங்கள் பெரிய மனசுக்காரர். ஆனால் கிடக்கத்தான் வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்காவது உரிமை உண்டா? வாழும் உரிமை என்பது இன்னொருவர் உடம்பைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை ஆகாது என்பது அவர் வாதம்.

கேட்டதும் உங்களுக்குத் தோன்றும் மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். வயலின்காரர் அந்நியர், இது சொந்தப் பிள்ளை. அவரை யாரோ கொண்டுவந்து இணைத்தார்கள், கர்ப்பம் பெரும்பாலும் அப்படி உண்டாவதில்லை. குழாயைப் பிடுங்குவது அவரைச் சாக விட்டுவிடுவது, கருக்கலைப்பு நேரடியாகக் கை வைப்பது. மூன்றுமே நியாயமான மறுப்புகள். ஆனால் வயலின் கதையைவிட எனக்கு உதவியது ஒரு நிஜ வழக்கு. 1978இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரத்தம் உற்பத்தியாகாத நோய் வந்த ஒருவருக்கு, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரின் எலும்பு மஜ்ஜை பொருந்தும் போலத் தெரிந்தது. கொடுப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. அவர் மறுத்துவிட்டார். நோயாளி நீதிமன்றம் போனார். அந்த மறுப்பை ஒழுக்க ரீதியில் நியாயப்படுத்தவே முடியாது என்று நீதிபதி வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும் ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவருக்காகப் பலவந்தமாக எடுக்கச் சொல்லி ஆணையிட மாட்டேன் என்றார். சில வாரங்களுக்குள் நோயாளி இறந்துபோனார்.

அந்தத் தீர்ப்பில் உங்கள் குழப்பத்தின் முடிச்சு இருக்கிறது. ஒன்று தவறு என்று நினைப்பதும், அதற்காக இன்னொருவரைக் கட்டாயப்படுத்தலாம் என்று நினைப்பதும் ஒன்றல்ல. உங்களுக்கு இரண்டு பக்கமும் சரி என்று படுவதற்கு நீங்கள் தெளிவில்லாதவர் என்பது காரணமில்லை. வீட்டில் பேசுவது முதல் கேள்வியைப் பற்றி, தோழி பேசுவது இரண்டாவதைப் பற்றி. கரு என்ன என்ற கேள்விக்கு நீங்கள் ஆயுள் முழுக்கப் பதில் தெரியாமலே இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கட்டிலில் படுத்திருப்பவருக்கு நான் என்ன செய்யக் கடமைப்பட்டவள் என்ற கேள்வியை மட்டும் அடுத்த ஷிஃப்டுக்குத் தள்ளிவைக்க முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பயிற்சிக் காலத்தில் நான் இருந்த மருத்துவமனையில் 18 வாரத்தில் பனிக்குடம் உடைந்து ஒரு பெண் வந்தார். குழந்தை பிழைக்க வழியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இதயத்துடிப்பு இருந்தது. "துடிப்பு இருக்கும்வரை கை வைக்கக் கூடாது" என்றார் பெரிய மருத்துவர். மணிக்கொரு தடவை டாப்ளர் கருவியை வைத்து அந்தத் துடிப்பைக் கேட்பது என் வேலை. முதல் நாள் அந்தச் சத்தத்துக்காக அவர் ஆவலாகக் காத்திருந்தார். கேட்டதும் கணவரைப் பார்த்துச் சிரிப்பார். இரண்டாம் நாள் ராத்திரி காய்ச்சல் 38இல் தொடங்கி 39.5க்குப் போனது, நாடி 130. நான் டாப்ளரைக் கையில் எடுத்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதும் துடிப்பு கேட்டது. விடியற்காலையில் நின்றது. அதற்குள் கருப்பை முழுக்கச் சீழ் வைத்துவிட்டது. உயிர் தப்பினார், கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு அதுதான் முதல் கர்ப்பம்.

அயர்லாந்தில் 2012 அக்டோபரில் சவிதா ஹலப்பனவர் விஷயத்தில் உயிரும் தப்பவில்லை. 17 வாரம், கலைந்துகொண்டிருந்த கர்ப்பம். எடுத்துவிடுங்கள் என்று கேட்டார், துடிப்பு இருப்பதால் முடியாது என்றார்கள். ரத்தத்தில் கிருமி பரவி இறந்தபோது அவருக்கு வயது 31. 2018இல் அந்த நாட்டு மக்கள் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அரசியல் சட்டத்திலிருந்து கருக்கலைப்புத் தடையை நீக்கினார்கள்.

கருக்கலைப்பை எதிர்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படியொரு சாவை விரும்புபவர்கள் இல்லை. கத்தோலிக்க மரபிலேயே, தாயின் உயிரைக் காக்கச் செய்யும் சிகிச்சையின் பக்க விளைவாகக் கரு இறந்தால் அது வேறு என்ற வாதம் நெடுங்காலமாக உண்டு. கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தைக் குழாயோடு அகற்றுவதை அந்த அடிப்படையில்தான் ஏற்கிறார்கள். யூத மரபில் தலை வெளியே வரும்வரை தாயின் உயிருக்கே முதலிடம். ஆனால் "உயிருக்கு ஆபத்து" என்பது சட்டப் புத்தகத்தில் ஒரு சொற்றொடர், தெர்மாமீட்டரில் அப்படி ஒரு கோடு கிடையாது. 38.2 ஆபத்தா, 39 ஆபத்தா? ஜெயிலுக்குப் பயந்த மருத்துவர் எப்போதும் ஒரு டிகிரி தாமதமாகவே முடிவெடுப்பார். சட்டத்தை மிக இறுக்கமாக எழுதக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் ருமேனியா. 1966இல் அந்நாட்டு சர்வாதிகாரி சவுஷெஸ்குவின் அரசு கருக்கலைப்பை ஏறத்தாழ முழுக்கத் தடை செய்தது. கருக்கலைப்பு நிற்கவில்லை, இருட்டுக்குப் போனது. கர்ப்பம் சார்ந்த தாய் மரணத்தில் ஐரோப்பாவிலேயே மோசமான நாடாக அது ஆனது. 1989 இறுதியில் அரசு கவிழ்ந்து தடை நீங்கியதும் ஓராண்டுக்குள் அந்த மரண விகிதம் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 7.3 கோடி கருக்கலைப்புகள் நடப்பதாகவும், அதில் ஏறக்குறைய 45 சதவீதம் பாதுகாப்பற்ற முறையில் நடப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கரு ஓர் உயிர் என்று உறுதியாக நம்புபவரும் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் தடை கேட்க வேண்டும்.

இதோடு நின்றால் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பீர்கள். சீனாவில் ஒரு குழந்தைக் கொள்கைக் காலத்தில் பெண்களை இழுத்துப் போய்க் கலைத்த சம்பவங்களும் நடந்தன. அங்கே மிதிபட்டதும் அதே ஒன்றுதான்: அந்தப் பெண்ணின் சொல். ஆகவே நான் காக்க நினைப்பது கருக்கலைப்பை அல்ல, முடிவு அவருடையதாக இருப்பதை. அப்புறம், அந்த முடிவு எந்த அளவுக்கு அவருடையது என்று கேட்க எனக்கு உரிமையும் கடமையும் உண்டு. பெண் குழந்தை என்று தெரிந்ததும் கலைக்க வரும்போது, பக்கத்தில் நிற்கும் மாமியார் பதில் சொல்லும்போது, கன்சென்ட் ஃபார்மில் கையெழுத்து இருக்கிறதே என்று நான் சும்மா இருக்க முடியாது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகப் பேசுவேன். ஸ்கேனில் ஊனம் தெரிந்தால் கலைப்பது பற்றி மாற்றுத்திறனாளிகள் கேட்கும் கேள்வியும் என்னைக் குத்துகிறது: "எங்களைப் போன்றவர்கள் பிறக்காமல் இருப்பதே மேல் என்று சொல்கிறீர்களா?" இல்லை என்றுதான் சொல்கிறேன். ஆனால் என் ஓ.டி. பட்டியல் வேறு மாதிரி சொல்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இனி உங்கள் உரிமை. எந்த நாட்டில் வேலை செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நாட்டுக்கு நாடு இது மாறும். பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டம் மனசாட்சி காரணமாகப் பங்கேற்க மறுக்க அனுமதிக்கிறது, தாயின் உயிரைக் காக்கவோ கடுமையான நிரந்தரப் பாதிப்பைத் தடுக்கவோ தேவைப்படும் சமயம் தவிர. 2014இல் கிளாஸ்கோ நகரின் இரண்டு மருத்துவச்சிகள் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: கையால் செய்யும் பங்கை மறுக்கலாம், வார்டு மேற்பார்வை, டியூட்டி ஒதுக்குவது போன்றவற்றை மறுக்க முடியாது. ஸ்வீடனில் இப்படி மறுக்கவே சட்டத்தில் இடமில்லை. அதை எதிர்த்துப் போன மருத்துவச்சிகளின் மனுவை 2020இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்கவில்லை. இத்தாலி மறு எல்லை. 1978 முதல் சட்டம் அனுமதித்தும், மகளிர் மருத்துவர்களில் பாதிக்கு மேல் மனசாட்சி காரணம் சொல்லி விலகியிருப்பதால், அனுமதி காகிதத்தில் இருக்க, பெண்கள் ஊர் ஊராக அலைகிறார்கள்.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் மனசாட்சி உங்கள் கையை விலக்கிக்கொள்ளலாம், ஆனால் அவருக்கு வழியை மறிக்கக் கூடாது. அதனால் இப்படிச் செய்யுங்கள். ஓ.டி. வாசலில், நோயாளி கேட்கும்படி மறுக்காதீர்கள். இந்த வாரமே மேட்ரனிடம் தனியாகப் போய், எதில் உதவ முடியாது, எதில் முடியும் என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். கருக்கலைப்புச் செயல்முறையில் உதவ முடியாது என்றால் சரி. ஆனால் கலைத்த பிறகு ரத்தப்போக்கு, காய்ச்சல் என்று வருபவரைப் பார்ப்பது, வலிக்கு மருந்து கொடுப்பது, யாரைப் பார்க்க வேண்டும் என்று வழி சொல்வது, இவற்றில் விலக்குக் கேட்காதீர்கள். அவசரத்தில் எதிலுமே கேட்காதீர்கள். உங்களுக்குப் பதில் யாரும் இல்லாத சின்ன மருத்துவமனை என்றால் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்பது கௌரவமான வழி. உங்கள் மறுப்புக்கான விலையை நோயாளி கொடுப்பதைவிட அது மேல். பழிவாங்கலாக மாற்றினால், எழுதிக் கொடுத்த நகல் கையில் இருக்கட்டும்.

மறுக்காமல் போய் நின்றீர்களே, அது தப்பா? நான்கு மாதமே ஆனவர், கேட்க ஆளில்லை, பயந்தீர்கள். அதை விடுங்கள். நீங்கள் கையை விடுவித்துக்கொண்ட அந்த இடம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது என்று நினைக்கிறேன்.

என்னிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "பாவமெல்லாம் இல்லம்மா, சின்ன விஷயம்" என்று ஆரம்ப நாட்களில் சொல்வேன். ஒரு பெண் அதைக் கேட்டு முகம் சுருங்கினார். அவருக்கு அது சின்ன விஷயமாக இல்லை. இப்போது தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு அப்படித் தோணுதா?" என்று கேட்கிறேன். சிலர் இல்லை என்று தலையாட்டுவார்கள், பயத்தில் கேட்ட கேள்வி அது. சிலர் அழுவார்கள், அழுதுவிட்டுச் செய்துகொள்வார்கள். எப்போதாவது ஒருவர், "எனக்கு வேண்டாம் டாக்டர், வீட்டில்தான் சொன்னாங்க" என்பார். மயக்க மருந்து நிற்கும், தள்ளுவண்டி வார்டுக்குத் திரும்பும். எந்தப் பதில் வரும் என்று முன்கூட்டித் தெரியாததால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் நம்பிக்கை என்னவாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்க அது தடையாக இருக்காது. "எனக்குத் தெரியலைங்க. ஆனா நான் இங்கேயே இருக்கேன்" என்று சொன்னாலும் போதும், அதில் பொய் எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் மறுபரிசோதனைக்கு வருவார், தேதி ஃபைலில் இருக்கும். அன்று டியூட்டியில் இருந்தால் போய் ரத்தப்போக்கு நின்றதா, தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். அவர் பெயரையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தில் "ஒரு கேஸ்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.